இருபத்தேழாவது கேசட்

"மொத கேசட்டுலேர்ந்துதான் பாக்கணும். இல்லன்னா குடுக்க மாட்டேன். போங்கண்ணே!"

ஆல்பர்ட் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி டீயைக் குடித்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீடியோ கடையில் இது புதிதல்ல. வாடிக்கையாளரை 'வாங்க' என்று சொன்னதைவிட 'போங்க' என்று விரட்டியதுதான் ஆல்பர்ட்டுக்கு அதிகம்.

எதிரே நின்ற சுப்புராயனும் மசிகிற ஆளில்லை. எலவனாசூர்கோட்டையிலிருந்து வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கடுப்பு வேறு.

"இருபத்தேழாவது கேசட்டு உங்கிட்ட இருக்குதா, இல்லியா?"

"இருக்குது. ஆனா..."

"இருக்குதில்ல? எடு!"

அது ஆல்பர்ட்டின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய ஜப்பான் கார்ட்டூன். பனைமர உயரத்துக்கு இரும்பு மனிதர்கள். உள்ளே உட்கார்ந்து அவற்றை ஓட்டுவது பள்ளிக்கூடத்துப் பையன்கள். எட்டு வருஷமாக அதை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று தொடர், இருபத்தேழு கேசட். இயந்திரம் மாறும், எதிரி மாறுவான், கதாநாயகப் பையன் மட்டும் ஒருவன்தான். அதில் ஒரு வார்த்தை யாருக்கும் புரியாது. ஒவ்வொன்றையும் பத்து முறை பார்த்து, தனக்குப் புரிந்த கதையைத் தமிழில் எழுதி அட்டையில் ஒட்டியிருந்தான் ஆல்பர்ட். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால்தான் இரண்டு. கலெக்டரே வந்து கேட்டாலும் அவன் கடைச் சட்டம் அதுதான்.

"யாருக்கு வேணும்? உங்களுக்கா?"

"எம் பொண்டாட்டிக்கு. பத்து நாளா அமிர்தம் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. சோறு வச்சா தட்டத் தள்ளிவுட்டுடறா. நேத்துதான் வாயத் தொறந்தா. 'அறிவு சொல்லிக்கினே இருப்பானே, அந்த இரும்பு பொம்ம படம், அதக் காட்டு'ன்னா. டிவி, டெக் எல்லாம் எரவல் வாங்கி வச்சிட்டேன். வெறுங்கையோட நான் வூட்டுக்குப் போவ முடியாதுப்பா."

அறிவு என்றதும் ஆல்பர்ட்டின் குரல் கொஞ்சம் இறங்கியது. சுப்புராயனின் மகன் அறிவுச்செல்வன்தான் அந்த இருபத்தேழையும் வரிசை தப்பாமல் பார்த்து முடித்த ஒரே வாடிக்கையாளன்.

"அதுக்குத்தாங்க சொல்றேன். அண்ணிக்குப் பாஷயும் தெரியாது, கதயும் தெரியாது. கடைசியத் தூக்கிப் போட்டா இன்னா புரியும்?"

"புரிய வேணாம்."

"புரியாம எதுக்குப் பாக்கறது?"

"மொதல்ல இருபத்தேழு. அப்பறம் இருபத்தாறு. அப்படியே ஒன்னு வரைக்கும். நானும் வரிசையாத்தான கேக்கறேன்?"

ஆல்பர்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷக் கதையை வாலிலிருந்து தலைக்குப் பார்ப்பேன் என்று ஒருவர் கடைக்குள்ளேயே வந்து நின்று சொன்னால் அவனால் எப்படிப் பொறுக்க முடியும்?

"இது இன்னா டவுன் பஸ்ஸா, ரிவர்ஸ்ல எடுக்கறதுக்கு? போய் அறிவ அனுப்புங்க. எங்க ஆரம்பிக்கறதுன்னு அவனே உங்களுக்குச் சொல்லுவான்."

"அவன் வர மாட்டான்."

"ஏன், வூட்ல சண்டயா? உங்க மேல கோவமா?"

சுப்புராயன் மேசையில் ஓங்கி ஒரு அறை விட்டார். அடுக்கியிருந்த கேசட்டுகள் சரிந்தன.

"கேசட்ட எடுடா!"

'டா' என்றதும் ஆல்பர்ட்டுக்கு மிச்சமிருந்த மரியாதையும் போய்விட்டது.

"டா போட்டுப் பேசற வேல வச்சிக்காதீங்க! உங்க ஊரு ஆளுங்களுக்கு எல்லாத்துலயும் அடாவடிதான். இட ஒதுக்கீடு கேளுங்க, யாரு வேணான்னது? அதுக்குன்னு ரோட்டு மேல மரத்த வெட்டிச் சாச்சிட்டு மறியல் பண்ணுவீங்களா? வெள்ளிமலைக்கு மாமியார் வூட்டுக்குப் போனவன், பஸ் இல்லாம ரெண்டு வாரம் அங்கயே மாட்டிக்கினேன். இன்னிக்குக் காலையிலதான் வந்து கட தொறக்கறேன். நல்லா இருப்பானுங்களா, மரத்து மேல கோடாலி வச்சவனுங்க?"

சுப்புராயன் சரிந்த கேசட்டுகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தார். மனிதர் அடங்கிவிட்டார் என்று ஆல்பர்ட்டுக்கு அல்ப சந்தோஷம். அலமாரியிலிருந்து இருபத்தேழை உருவி, அவர் முகத்துக்கு நேராக அட்டையைக் காட்டினான்.

"நானே எழுதுனது, படிச்சிப் பாருங்க. சண்ட முடியறப்ப அந்தப் பையன் செத்துப் பூடுவான். எடுத்த எடுப்புல சாவப் பாத்துட்டா, அப்பறம் பாக்கறதுக்கு அண்ணிக்கு இன்னாதாங்க இருக்குது?"

சுப்புராயன் அந்தக் கேசட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இருபத்தாறுல உசுரோட இருப்பான்ல? ஒன்னாவதுல காத்தால எழுந்து, அவங்கம்மா கையால சோறு துன்னுட்டு ஸ்கூலுக்குப் போவான்னு அறிவு சொல்லுவான். அமிர்தம் கடைசியா அதப் பாக்கட்டும் ஆல்பர்ட்டு" என்றார் சுப்புராயன். "மறியல் அன்னிக்கு நான் வெட்டுன மரம் எங்க அறிவு மேலதான் சாஞ்சிது."