பேரை மட்டும் வெட்டு

"உளியைக் கீழே வைக்காதே, க்ளைவ். போதகர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் எனிட் பூத்ராய்ட். எண்பது வயதில், யார்க்‌ஷயர் மழையில், ஆபிரகாம் தாக்ரேயின் கல்லறைக் கல்லை மறைத்துக்கொண்டு நின்றாள். பார்த்தவர்கள் தகப்பனைப் பறிகொடுத்த மகள் என்றே நினைத்திருப்பார்கள்.

தாக்ரே அந்த ஊர் ஆலைகளையெல்லாம் வடிவமைத்த கட்டடக் கலைஞர். நூறு வருடத்துக்கு மேலான மழையும் ஆலைக் கரியும் தின்றதில், கல்லில் பெயரே பாதிதான் மிச்சம். அதைப் புதுப்பிக்கத்தான் கல்தச்சன் க்ளைவைத் தன் செலவில் கூட்டி வந்திருந்தாள்.

குடையோடு ஓடி வந்தார் போதகர் லாங்லி. நல்ல மனுஷர்தான், ஆனால் சண்டை என்றால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? கல்லு அதுபாட்டுக்கு மண்ணோட மண்ணாப் போகட்டுமே. அவர் குடும்பத்துக்காரங்களே வேண்டாம்னு எழுதியிருக்காங்க."

"அவங்க அப்படித்தான் எழுதுவாங்க. பேராயர் அனுமதி கொடுத்தாச்சு, ஐயா. மூணு வருஷம் அலையவிட்டுத்தான் கொடுத்தாங்க." கடிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

க்ளைவுக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது, நெஞ்சும் கொஞ்சம் கனத்தது. சொந்த வாரிசுகளே கைகழுவிவிட்ட மனிதருக்காக ஒரு கிழவி இப்படி மல்லுக்கு நிற்கிறாளே.

"மேல இருக்கிற தேவதைச் சிலையையும் சுத்தம் பண்ணிடவாம்மா? கீழே அவரைப் புகழ்ந்து நாலு வரி இருக்கு, அதுவும் தேஞ்சு கிடக்கு."

"அதெல்லாம் வேண்டாம். பேரை மட்டும் வெட்டு. நல்லா ஆழமா வெட்டு. ரோட்டுல போறவன் கண்ணுலயும் படணும், இன்னும் இருநூறு வருஷத்துக்கு அழியக்கூடாது."

க்ளைவ் மண்டியிட்டு முதல் எழுத்தில் உளியை வைத்தான். போதகருக்கு மனசு கேட்கவில்லை.

"இவ்வளவு பாசமா? அவர் உங்களுக்கு என்னம்மா உறவு?"

எனிட் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"விரிசல் விட்டிருக்குன்னு கொத்தனாருங்க தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்க, இந்தாளு காதுல போட்டுக்கலை. ஆலைப் புகைபோக்கி அப்படியே சாஞ்சுது. உள்ளே வேலை பார்த்த பதினேழு பிள்ளைங்கள்ல எங்க தாத்தாவோட அக்காவும் ஒருத்தி, பத்து வயசு. அதுங்க யாருக்கும் கல்லு கிடையாது, ஐயா. கொன்னவன் பேராவது இருக்கட்டும்."