ஹெர் ஸ்ரீரங்கன்

"ஹெர் ஸ்ரீரங்கன்!" என்று லேப்டாப்பிலிருந்து அந்த வெள்ளைக்காரி கூப்பிட்டதும், சமையலறையில் ஜலஜாவின் கத்தி வாழைக்காய் மேல் அப்படியே நின்றது.

ஆரம்பித்துவிட்டாள் இன்றைக்கும்.

கூப்பிடுவது என்னவோ பிள்ளை சாய்நாத்தைத்தான். ஜெர்மன் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, இந்த மயிலாப்பூர் ஃபிளாட்டில் வைஃபை ஹாலில் மட்டும்தான் எடுக்கும். பாஸ்போர்ட்டில் சாய்நாத் ஸ்ரீரங்கன் என்று இருக்கப் போக, அப்பா பேரைக் குடும்பப் பேராக்கி, தினம் சாயங்காலம் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஏலம் போடுகிறாள். ஹெர் என்றால் அவர்கள் ஊரில் மிஸ்டராம்.

"அவ பேர் உர்சுலா ம்யூல்லர்மா. ம்யூல்லர்ங்கறது அவா குடும்பப் பேர். அந்தக் காலத்துல மாவு மில் வச்சிண்டிருந்தவான்னு அர்த்தம். நமக்கு அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னா அவளுக்குப் புரியறதில்ல" என்று சாய்நாத் ஒரு தடவை விளக்கினான்.

அன்றிலிருந்து ஜலஜாவுக்கு அவள் மாவு மில்காரி.

மாவு மில்காரிக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஜலஜா கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆத்துக்காரர் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மா மிரட்டி அனுப்பியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கணவர் பேர் கேட்டபோது, "காவேரிக்கு நடுவுல படுத்துண்டிருக்காரே, அவர்தான்" என்றாள். நர்ஸ் பதறிப்போய் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.

ஊர் பேரிலும் மனிதர் உட்கார்ந்திருக்கிறாரே! எழும்பூர் ஸ்டேஷனில் "பெரிய கோயில் ஊருக்கு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டு, பெருமாளைச் சேவிக்கக் கிளம்பியவள் தஞ்சாவூரில் போய் இறங்கி, நந்தியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அவள் வயிற்றெரிச்சலே வேறு.

ஸ்ரீரங்கன் ரிடயரான நாளிலிருந்து பனியனைத் தவிர வேறு எதையும் மதிக்காதவர். கல்யாணப் பத்திரிகை வந்தால், "சட்டை போட்டுண்டு போகணுமோ?" என்று கேட்கிறவர். அவர்தான் இப்போது மாவு மில்காரி வருகிற நேரத்துக்குக் குளித்து, திருமண் இட்டு, இஸ்திரி சட்டை மாட்டிக்கொண்டு, கேமராவில் விழாத மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவள் "ஹெர் ஸ்ரீரங்கன்" என்னும்போதெல்லாம் முதுகு நிமிர்கிறது. திட்டினாலும் நிமிர்கிறது.

இந்த வயதில் இப்படி ஓர் அசடு வழிசல். அதுவும் ஒரு மாவு மில்காரியிடம்.

காலையில்தான் ஜலஜா பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கே அவகிட்ட சொல்லிடு. உன்னை உன் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். உங்கப்பாவை விட்டுடச் சொல்லு."

இப்போது ஹாலில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க ஜலஜா கத்தியும் கையுமாக வந்து நின்றாள்.

சாய்நாத் சொல்லி முடித்தான். லேப்டாப்பில் மாவு மில்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியானால் இத்தனை நாளாக நான் திட்டியதெல்லாம் உங்கள் அப்பாவையா என்று இங்கிலீஷில் பதறினாள்.

"நோ ப்ராப்ளம், மேடம்" என்றார் ஸ்ரீரங்கன், மூலையிலிருந்து.

அவள் சிரித்தாள். இனிமேல் சாய் என்றே கூப்பிடுகிறேன் என்றாள். கூப்பிட்டும் காட்டினாள். மீட்டிங் முடிந்து சாய்நாத் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ஒழிந்தது சனியன் என்று ஜலஜா திரும்பினாள்.

ஸ்ரீரங்கன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கழுத்துப் பட்டனை அவிழ்த்தார். அடுத்ததையும் அவிழ்த்தார்.

"மாவு மில்காரி கைவிட்டுட்டாளேன்னு துக்கமாக்கும்?"

"அவ யாரா இருந்தா எனக்கென்னடி" என்றார் அவர். "ஆபீஸ்ல மிஸ்டர் ஸ்ரீரங்கன்னு கூப்பிட்டுண்டிருந்தா. கடைசி நாள் ஒரு மாலையைப் போட்டா, அதோட சரி. இவனுக்கு நான் அப்பா. வாட்ச்மேனுக்கு மூணாவது மாடி பெருசு. உனக்கு 'ஏன்னா'. திட்டறதுக்காவது ஒருத்தி பேரைச் சொல்லிண்டிருந்தா."

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனியனோடு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

ஜலஜா வாழைக்காயை நறுக்கினாள். நறுக்கிய துண்டையே மறுபடி நறுக்கினாள்.

அம்மா சாகிற வரைக்கும் அப்பா பேரைச் சொன்னதில்லை. அப்படியும் அப்பா ஐம்பதைத் தாண்டவில்லை.

குழாயைத் திறந்துவிட்டாள், ஒரு துணைக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மிஸ்டர் ஸ்ரீரங்கன்!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

ஜலஜா குழாயை மூடினாள். ஐயோ, பெருமாளே, கொன்னுட்டேனோ?

அவர் வாசற்படியில் வந்து நின்றார். இஸ்திரி சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன். தலையை வேறு வாரியிருந்தார்.

"யெஸ், மேடம்?"

ஜலஜா அவரைப் பார்க்காமல் தேங்காய் மூடியை நீட்டினாள்.

"துருவணும். நேத்தி துருவினதுல பாதி ஓடு. இதெல்லாம் ஒரு வேலையா, மிஸ்டர் ஸ்ரீரங்கன்?"

அவர் முதுகு நிமிர்ந்தது.