உள்ளே பேசியது

கருணாகரன் அதிகாரியின் அறையை விட்டு வெளியே வந்ததும் கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது.

காலையிலிருந்து பள்ளிக்கூட வாசலில், வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் கொஞ்சம் பேர். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களின் மனைவிமார்தான் நிறைய. பெற்றோர் தரப்பில் ஒரே ஒருவர் உள்ளே வரலாம் என்றபோது எல்லோரும் கைகாட்டியது அவரைத்தான். பர்மனன்ட் வேலை, நல்ல பேச்சு, எவருக்கும் பயப்படாத மனுஷன்.

செலவைக் குறைக்கப் பள்ளிக்கூட நிர்வாகம் இரண்டு ஆசிரியர்களை நிறுத்தப் போகிறது என்று தெரிந்த அன்றே குவார்ட்டர்ஸில் பிளாக் பிளாக்காகப் போய் ஆள் திரட்டியதும் அவர்தான். ஒருவர் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கும் பாலகுமார். இன்னொருவர் ஒன்றாம் வகுப்பு செவ்வந்தி டீச்சர்.

"ஒருத்தரைத்தான் காப்பாத்த முடிஞ்சுது. பாலகுமார் சார் இருப்பார். அதுக்கு மேல இறங்கி வர மாட்டேன்னுட்டாங்க."



யாரோ கை தட்டினார்கள். அது அப்படியே பரவியது. ஒன்றுமே கிடைக்காது என்று நினைத்து வந்தவர்களுக்கு இதுவே பெரிதாக இருந்தது. கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்று செவ்வந்தி டீச்சரும் கை தட்டினார்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று ஆதிலட்சுமி கேட்டாள். அவள் மகள் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். இரண்டாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைப்பார்கள் என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார் கருணாகரன். அவள் தலையாட்டினாள். உங்களால் ஆனதைச் செய்தீர்கள் அண்ணா என்று அவரையே தேற்றினாள்.

துண்டு கழுத்தில் கசகசத்தது. அதை எடுத்துப் போடவும் அவருக்குக் கை வரவில்லை.

கூட்டம் கலையத் தொடங்கியபோது செவ்வந்தி டீச்சர் பக்கத்தில் வந்தார். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். அழுதிருந்தார், முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

"எங்களுக்காக அவ்ளோ நேரம் உள்ள பேசிக்கினு இருந்தீங்களே, அதுவே போதும் சார். மனசுல ஒன்னும் வச்சிக்காதீங்க. வூட்டுக்குப் போயி முதல்ல சாப்பிடுங்க."

கருணாகரன் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் பதறிப்போய், "ஐயோ, என்ன சார் இது" என்று அவரைத் தடுத்தார்.

பஸ் வரவும் டீச்சர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

"சின்னப் பிள்ளைங்க பாவம், செவ்வந்தி டீச்சரே இருக்கட்டும்" என்றுதான் உள்ளே அதிகாரி முதலில் சொன்னார்.

அதை மாற்றத்தான் கருணாகரன் அவ்வளவு நேரம் பேசினார். பொதுத்தேர்வு என்றார், ரிசல்ட் என்றார், பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடும் என்றார்.

தன் மகன் இளம்பரிதி இந்த வருஷம் பிளஸ் டூ என்பதை மட்டும் சொல்லவில்லை.