கம்பெனி வாசலில் ஆயிரம் பேர்

பள்ளி விடுமுறையான சனிக்கிழமை காலை. கூடத்தில் மூவர் இருந்தார்கள். மேசையருகே பேனாவுடன் டைட்டஸ் வாத்தியார், டிவிக்கு எதிரே பாயில் மகன் கெர்சோம், சமையலறை வாசலில் வெங்காயம் உரித்தபடி மனைவி ஃபீபி. அவளுக்கு ஷூ கம்பெனியில் மதிய ஷிப்டு.

வீடியோ கேம் பத்திரிகை ஒன்று போட்டி வைத்திருந்தது: ‘டிவியில் மாட்டி ஆடும் அடுத்த கேம் மெஷின் இன்னும் சக்தியோடு வருகிறது. ஊர் சுற்றும் ஆட்டத்தில் என்ன மாற வேண்டும்? ஆட்டத்தை முடித்தவர்கள் மட்டும் எழுதவும்.’ தபாலில் சேர்க்க இன்றே கடைசி நாள்.

“சொல்லுடா,” என்றார் டைட்டஸ்.

“தெருவுல வர்றவன், நாம திரும்பிப் பாக்கறதுக்குள்ள மறைஞ்சிடறாம்பா. மெஷினுக்கு ஞாபகம் கம்மி. புதுசுல அவன் வீடு வரைக்கும் போய்ச் சேரணும்.”

“பலே!”

“ஷிப்டு விட்டா கம்பெனி வாசல்ல நூறு பேரு வரணும்.”

“ஆயிரம்,” என்றாள் ஃபீபி. “எல்லாருக்கும் ஒரே ஷூ மாட்டக் கூடாது.”

“நீ சும்மா இரு. இது ஆட்ட சமாச்சாரம்.” கடிதத்தின் அடியில் மகன் பெயரைப் பெருமையாக எழுதினார் டைட்டஸ்.

“ஐயோ, அம்மா பேரைப் போடுப்பா! நான் பாதியிலயே மாட்டிக்கிட்டேன். முடிச்சது அம்மாதான். நான் சொன்னதும் அம்மா சொல்லிக் குடுத்ததுதான்.”

டைட்டஸ் திரும்பினார். “எப்ப ஆடுன?”

“நீங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போனப்புறம்.”

அவர் புதுத்தாள் எடுத்தார். ஆயிரம் பேரையும் சேர்த்து, அடித்தல் இல்லாமல் முழுதும் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். உறையை ஒட்டித் தபாலாபீசுக்கு விரைந்தவர், குமாஸ்தா கேட்காமலேயே சொன்னார்: “அனுப்புநர் என் சம்சாரம் சார்!”