சரிவில் குடியிருக்கும் தகுதி

சரிவு என்பது அசையாததுபோல் தோன்றி, ஓயாமல் கீழ்நோக்கி ஊரும் நிலமாகும். வீட்டில் ஒருவரேனும் முதலாண்டு நிலவியல் தேறாவிடில், கொடைக்கானல் சரிவுகளில் குடியிருக்க இப்போது உரிமை இல்லை. எனவே ஐம்பத்தெட்டாம் வயதில் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வகுப்பில் தேறினேன். ஆயினும், தோட்டத்து மரங்கள் அடியில் வளைந்திருப்பது மண் கீழே ஊர்வதால்தான் என்று படித்தது முதல் எனக்கு உறக்கமில்லை.

என் கணவர் மரியதாஸ் சான்றிதழுக்குச் சட்டமிட்டு, கூடத்துச் சுவரில் தொங்கவிட்டார்.

"இனி நம்மள எவன் கெளப்புவான், ரெஜினா? ஆனா கோணலா நிக்குதே! கதவுநிலையோட ஒத்தே வரல."

பலமுறை நகர்த்தினார். ஒவ்வொரு முறையும் அது பழைய நிலைக்கே திரும்பியது.

"விடுங்க. தொங்குறது நேராத்தான் தொங்குது. சாஞ்சது நம்ம சுவரு."

"இதுக்கா இவ்வளவு படிச்ச?"

"ஃபெயிலாயிருந்தா அவங்க வெளியேத்தியிருப்பாங்க. பாஸானதால நாமளே போறோம்," என்று பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.