வஸீலாவின் குப்பைத்தொட்டி

வஸீலா குப்பைத்தொட்டியை மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, பூனை ஏதும் கிட்டே வராமல் காவலுக்கு உட்கார்ந்தாள்.

மகள் ஹாஜரைப் பெண் கேட்டு மாலையில் பெய்யா அம்மாள் வருகிறாள். ஸ்ஃபாக்ஸ் நகரில் இரண்டு ஆலிவ் எண்ணெய் ஆலை, ஒரே பையன்.

போகிற வீட்டிலெல்லாம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்த அம்மாள் அடுப்படிக்குள் போய்க் குப்பைத்தொட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். ஊருக்கே தெரியும்.

ஒரு வீட்டுத் தொட்டியில் ரொட்டித் துண்டு கிடந்ததாம். மீந்த ரொட்டியைக் குப்பையோடு சேர்க்காமல் தனிப் பையில் கட்டி வாசலில் மாட்டத் தெரியாதவர்களோடு சம்பந்தமா என்று, காபியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டாள். இன்னொரு வீட்டில் தொட்டியின் அடியில் ஈரமாம்.

வஸீலா ஈரத்துக்கு இடம் வைக்கவில்லை. உலர்ந்த தொட்டியில் செய்தித்தாள் விரித்துச் சமையல் சோடா தூவினாள். தன் கல்யாணத்துக்குக்கூட அவள் இப்படிச் சிங்காரித்துக்கொண்டதில்லை.

கீழே ஹாஜர் விடிந்ததிலிருந்து பாதாம் பலகாரம் செய்துகொண்டிருந்தாள். அந்தத் தெருவில் அவள் கைக்கு ஈடு கிடையாது.

பாதாம் தோலும் முட்டை ஓடுமாக ஒரு தாம்பாளம் நிறையத் தூக்கிக்கொண்டு கணவர் தாஹிர் படியேறி வந்தார்.

"இதை எங்கடி போடறது?"

"உங்க தலையில போட்டுக்குங்க. இந்தத் தொட்டிப் பக்கம் வந்துடாதீங்க."

அவர் தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு நஜாத்தின் வாசல் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

மாலையில் பெய்யா அம்மாள் பலகாரத்தை ரசித்துத் தின்றாள். எல்லாம் மகள் இன்றைக்குச் செய்தது என்று வஸீலா இரண்டு தரம் சொன்னாள். அந்த அம்மாள் தண்ணீர் குடிக்கப் போனாள். மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. வஸீலாவுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்தவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போய்விட்டாள்.

மறுநாள் காலை நஜாத் ஒரு கடைப் பலகாரப் பெட்டியோடு வந்தாள்.

"நான் சொல்லல வஸீலாக்கா, அந்தம்மா சொன்னது. ஒரு பாதாம் தோல்கூட இல்லாத வீட்டுல, கடையில வாங்கினதை மக செஞ்சதுன்னு கூசாம சொல்றீங்களாம். போற வழியில எங்க வாசத் தொட்டியத் தொறந்து பார்த்துட்டு, இதுதான் கைப்பக்குவம் தெரிஞ்ச வீடுன்னு எங்க பொண்ணு ரீமைக் கேட்டுட்டாங்க. அவளுக்கு முட்டை உடைக்கக்கூட வராது."

வஸீலா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். தாஹிர் மெல்ல நழுவி மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

நஜாத் குரலைத் தாழ்த்தினாள்.

"நிச்சயத்துக்கு ஹாஜர்தான் பலகாரம் செஞ்சு தரணும். வெளிய தெரிய வேணாம். தோலு, ஓடு எல்லாத்தையும் வழக்கம்போல எங்க தொட்டியிலயே போட்டுடுங்க."