ஏறும்போது மட்டும்

பொற்கொடி ஓட்டும் குப்பை வண்டி ரயில்வே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் நின்றுபோவது அந்த மாதத்தில் ஆறாவது முறை. அவள் ஒழுங்காகச் சார்ஜ் போடுவதில்லை என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை நின்றால் தள்ளுவண்டிக்கு மாற்றிவிடுவார்கள். மெக்கானிக் சம்பந்தம் ஷெட்டில் மீட்டர் வைத்துப் பார்த்த மூன்று தடவையும், ஒன்றோடொன்று வரிசையாக இணைத்திருந்த நான்கு லித்தியம் பேட்டரிகளும் ஒரே அளவைத்தான் காட்டின.

“நிக்கிறப்போ நாலும் நல்லாத்தான் இருக்கும் சார். ஏறுறப்போ பாருங்க,” என்றாள்.

“ஓடுற வண்டியில எப்படிம்மா பாக்கிறது?”

அவள் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

இஸ்திரி போட்ட சட்டையோடு சம்பந்தம் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, பேட்டரிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டார். வண்டி பாலத்தில் ஏறியது. முதல் இரண்டு பேட்டரிகளிலும் மீட்டரின் எண் அசையவில்லை. மூன்றாவதில் மீட்டரை வைத்ததும் எண் பதிமூன்றிலிருந்து மளமளவென்று இறங்கிப் பத்தைத் தொட்டது. வண்டி நின்றது.

“மூணாவதுதாம்மா. இது ஒண்ணு படுத்துட்டா மத்த மூணும் இருந்தும் ஓடாது. உன்மேல தப்பில்லன்னு எழுதித் தரேன்.”

அவள் பதில் சொல்வதற்குள் ஸ்கூட்டரில் வந்த ஒருவர், முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு குப்பைப் பையை வண்டிக்குள் வீசிவிட்டுப் போனார். அது சம்பந்தத்தின் மடியில் விழுந்தது. அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். ஸ்கூட்டர் பாலத்தைத் தாண்டியிருந்தது.

“இங்க குடுங்க சார்.” பொற்கொடி கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. பையின் முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்தார். பிறகு கேட்டார்: “இது எந்தத் தொட்டியிலம்மா போடணும்?”